மாற்றம் இல்லை

நித்திலன் பாயின்மேல் உட்கார்ந்து பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. இதுவரை அவன் ஒரு சத்தமும் போடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. அம்மா கையோடு கொண்டுவந்திருந்த காலி நூல் கோன்கள் ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான், கலைத்தான், மறுபடியும் அடுக்கினான். வயது இரண்டு வருடம் பத்து மாதம்.

அவன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவன் அம்மா பவதாரணி பேசிக்கொண்டிருந்தாள்.

"பனியன் கம்பெனியில செக்கிங் செக்சன்ல இருக்கறனுங்க்கா. இவனை மேசைக்கு அடியில உக்கார வெச்சுக்குவேன். சூப்பர்வைசர் நல்லவரு, கண்டுக்க மாட்டாரு. மத்த கொழந்தைக ஓடும், விழுகும், அழுகும். இவனுக்குக் கோன் இருந்தாப் போதும், பொழுதோட வரைக்கும் கம்முனு இருப்பான். நெம்பச் சமத்துன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சமத்துதான்னு இருந்துட்டேன். எங்க மாமியாதான் ஒருநாள், ஏம்மிணி, இவன் இன்னும் அம்மான்னு கூப்படலையேன்னாங்க. நானுமே லேட்டாத்தான் பேசினனாமுங்க, எங்கம்மா சொல்லும். இப்பப் பாருங்க, வாயை மூடறதுக்கு என்ன வேணும்னு எங்க வீட்டுக்காரரு கேக்கறாரு."

கோகிலவாணி சிரித்துவிட்டாள். குருக்கலாம்பாளையம் குழந்தை வளர்ச்சி மையத்தில் சிரிப்பு வருகிற சந்தர்ப்பங்கள் குறைவு. அவளுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தேழு வருடமாக இதே வேலை. பேச்சு வராத, நடை வராத, கண்ணைப் பார்க்காத சின்னஞ்சிறுசுகளோடு தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அடுத்த வருடம் ஓய்வு.

அந்தப் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு மழலையர் பள்ளியில் விரிக்கும் சாதாரண ரப்பர் பாய்தான். உள்ளே என்னென்னவோ உணரும் கம்பிகள், நான்கு மூலையிலும் சுண்டுவிரல் அளவு கேமராக்கள். அரசாணையில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்குப் பெயர் உண்டு. அம்மாக்கள் அதை ஜோசியப் பாய் என்றார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் பொருத்தம். குழந்தை இன்று எப்படி இருக்கிறது என்று அது சொல்வதில்லை. ஆறு வயதில் எப்படி இருக்கும் என்று சொல்லும், அதுவும் இரண்டு விதமாக. பயிற்சி கொடுத்தால் இப்படி, கொடுக்காவிட்டால் இப்படி. இரண்டுக்கும் நடுவில் நல்ல வித்தியாசம் இருந்தால் 'தகுதி உண்டு' என்று திரையில் வரும். வித்தியாசம் இல்லாவிட்டால் தகுதி இல்லை.

பயிற்சி கொடுக்கிற ஆட்கள் குறைவு, குழந்தைகள் அதிகம், ஆகவே எந்தக் குழந்தைக்குக் கொடுத்தால் பலன் இருக்குமோ அதற்குக் கொடுப்போம் என்று மேலே இருந்தவர்கள் யோசித்திருந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கேட்டவுடன் நியாயமாகத் தெரிகிற விஷயங்களைக் கண்டால் கோகிலவாணிக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு வருடமாகப் பாய் சொன்னதை அவள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபதாவது நிமிடம் திரை பச்சையாகி வெளுத்தது.

'தகுதி இல்லை.'

"என்னங்க்கா போட்டிருக்குது?" என்று எட்டிப் பார்த்த பவதாரணியின் முகம் சட்டென்று மலர்ந்தது. "தேவையில்லைங்குதா? தானாவே பேசிருவானா? அப்பாடா! நான் பயந்தே போயிட்டனுங்க்கா."

இந்தத் தப்பை எல்லோரும் செய்வார்கள். 'தகுதி இல்லை' என்றால் நோய் இல்லை என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். இதில் இரண்டு வகை உண்டு. தானாகவே தேறிவிடும் குழந்தைக்கும் தகுதி இல்லை. என்ன செய்தாலும் தேறாது என்று பாய் நினைக்கும் குழந்தைக்கும் தகுதி இல்லை. திரையின் கீழே சின்ன எழுத்தில் இருந்தது, இரண்டில் எது என்று.

"உக்காரு கண்ணு," என்றாள் கோகிலவாணி. "இது அந்த மாதிரி இல்ல. பயிற்சி குடுத்தாலும் பெருசா மாற்றம் வராதுன்னு சொல்லுது."

பவதாரணி உட்காரவில்லை. பையனைப் பார்த்தாள். அவன் ஐந்தாவது கோனை வைத்துவிட்டு ஆறாவதைக் கையில் எடுத்திருந்தான்.

"சொல்லிக் குடுத்தாலும் வராதா?"

"அப்படித்தான் சொல்லுது."

"இருவது நிமிசம் பாத்துட்டா?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "நான் இவனை ரெண்டு வருசம் பத்து மாசமாப் பாத்துக்கிட்டிருக்கறேன். எனக்கே ஒண்ணும் தெரியல. இது இருவது நிமிசத்துல முடிச்சுப் போடுதுங்களா?"

வழக்கமாக இந்த இடத்தில் கோகிலவாணி ஒரு தாளை நீட்டுவாள். அதில் தனியார் பயிற்சி மையங்களின் முகவரிகள் இருக்கும். கோயமுத்தூர் வரைக்கும் வாரம் மூன்று நாள் போய்வர வேண்டும். செக்கிங் செக்சனில் நிற்கிறவளுக்கு அந்தத் தாள் எதற்கு ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். மூன்று வயது முடிந்துவிட்டால் மையத்தில் சேர்க்கவே முடியாது. நித்திலனுக்கு மூன்று வயது முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது.

தாளை எடுக்கப் போன கை என்னவோ நின்றுவிட்டது. கோகிலவாணி தன் அட்டையைத் திரையில் வைத்து, 'காரணங்கள்' என்ற இடத்தைத் தொட்டாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் அதைத் தொட்டது நான்கைந்து முறை இருக்கலாம். தொட்டால் பக்கம் பக்கமாக எண்கள்தான் வரும், ஒன்றும் விளங்காது. இன்று எண்களுக்கு மேலே ஒரு வரி தமிழில் இருந்தது.

'முதன்மைக் காரணம்: தாயின் பதிவு. அதே வகைத் தாமதம். 34 மாதப் பயிற்சி. பலன் இல்லை.'

"பவதாரணி, நீ சின்னதுல எங்காவது இந்த மாதிரி மையத்துக்குப் போனியா?"

"தெரியலீங்க்கா. செங்காட்டுப்பாளையத்துல இருந்தப்ப எங்கம்மா எங்கயோ தூக்கிட்டுப் போகுமாம். சோப்பு முட்டை ஊதி வெளையாடுவாங்கன்னு சொல்லும். ஏனுங்க?"

கோகிலவாணி பதிவைத் திறந்தாள். பெயர் பவதாரணி, தந்தை பெயர் சின்னுச்சாமி, சேர்ந்தபோது வயது இரண்டரை. மறுபரிசோதனை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே பணியாளர் குறிப்பு: மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை.

பணியாளர் பெயர்: கோகிலவாணி.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்றவளின் மூக்குத்தியையும் கம்பெனி அடையாள அட்டையையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் அதே முகம்தான். அதே வட்டக் கண்கள். செங்காட்டுப்பாளையம் மையத்தின் சிமெண்டுத் தரையில் இந்தக் குழந்தையின் முன்னால் அவள் ஐந்து மாதம் சோப்பு முட்டை ஊதியிருக்கிறாள். ஊதுவது, நிறுத்துவது, குழந்தை கேட்கும் வரை காத்திருப்பது. ஊதுவது, நிறுத்துவது. ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தை குழலைப் பார்த்தது, அவள் வாயைப் பார்த்தது, பிறகு உதட்டைக் குவித்து, "ஊது" என்றது. கோகிலவாணி அன்று அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை ஓடி, அதன் அம்மாவிடம் காட்டி அழுதாள். அதே வாரம் மறுபரிசோதனைத் தாளில் எழுதினாள், மாற்றம் இல்லை என்று.

"வெள்ளிக்கிழமை வா சாமி," என்றாள் இப்போது. "நான் ஒண்ணு கேட்டுட்டுச் சொல்றேன். இதை இன்னிக்கு நம்பிறாத."

*

அவள் ஏன் அப்படி எழுதினாள் என்று கேட்டால், சஞ்சீவன் என்று ஒரு பையனைச் சொல்ல வேண்டும்.

அப்போது பாய் இல்லை. விதி மட்டும் இருந்தது. வயதுக்குரிய வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்காவது பின்தங்கியிருந்தால் குழந்தையைச் சேர்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை. பின்தங்கல் அதைவிடக் கொஞ்சம் குறைந்துவிட்டால், நல்லது, தேறிவிட்டது, போய் வா. அன்றோடு பயிற்சி நின்றுவிடும். இடம் அடுத்த குழந்தைக்கு.

சஞ்சீவன் நான்கு வார்த்தை பேசினான். வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம், கோகிலவாணிக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வார்த்தையையும் அழகாகத் தாளில் எழுதினாள். பையனை அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து சந்தையில் அவனைப் பார்த்தபோது அந்த நான்கு வார்த்தையும் போயிருந்தன. அவன் அம்மா இவளிடம் கோபப்படக்கூட இல்லை. "நல்லாத்தான் வந்துட்டிருந்தானுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு கோகிலவாணி உண்மை எழுதவில்லை. குழந்தை நின்றால் எழுதமாட்டாள். நடந்தால் எழுதமாட்டாள். 'அம்மா' என்றால் அம்மாவைக் கட்டிக்கொண்டு சந்தோஷப்படுவாள், தாளில் மாற்றம் இல்லை என்று போடுவாள். ஐந்து வயது முடிந்து பள்ளிக்கூடம் போகும்வரை ஒரு குழந்தையையும் அவள் வெளியே விடவில்லை. யாரையும் ஏமாற்றுவதாக அவள் நினைத்ததில்லை. ஒரு தாள்தானே, எங்கேயோ ஒரு அலமாரியில் கிடக்கப்போகிறது, அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று இருந்தாள்.

இப்போது பாய் அதைப் படித்திருந்தது.

*

மாவட்ட அலுவலகத்தில் பாயைக் கவனித்துக்கொள்ளும் தீபன்ராஜுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கோகிலவாணி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் மேசையில் இருந்த தேநீர் ஏடு கட்டிவிட்டது.

"அந்தப் புள்ள நிறுத்தாம பேசுது சார். என்ன பேச்சுங்கறீங்க! அவளைப் போயி தேறாத கேசுன்னு சொல்லுது உங்க எந்திரம். அது பொய் சொல்லுது."

"பொய் சொல்லலீங்க மேடம்," என்றான் மெதுவாக. "நாம சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுது."

"எனக்கு வெளங்கற மாதிரிச் சொல்லுங்க."

"இதுக்குத் தானா ஒண்ணும் தெரியாதுங்க. பழைய கொழந்தைங்க பதிவைப் படிச்சுத்தான் கத்துக்கும். இந்த மாதிரிக் கொழந்தைக்குப் பயிற்சி குடுத்தாங்க, என்ன ஆச்சு? அந்த மாதிரிக் கொழந்தைக்குக் குடுத்தாங்க, என்ன ஆச்சு? நம்ம மாவட்டத்துல ஆயிரத்து நானூறு பதிவு இருக்குது. அதுல அறுநூத்துச் சொச்சம் உங்க கையெழுத்துங்க. எல்லாத்துலயும் கடைசி வரைக்கும் மாற்றம் இல்லை, மாற்றம் இல்லைன்னே இருக்குது. அதைப் படிச்சுட்டு இது என்ன நெனைக்கும்? பேச்சு வராத கொழந்தைக்கு என்ன பண்ணினாலும் பிரயோசனம் இல்ல போலன்னு நெனைச்சுக்கிச்சு."

கோகிலவாணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசத்துல அந்தக் காரணத்தைச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கும்?"

அவன் தேடிப் பார்த்தான். "முன்னூத்திப் பன்னெண்டு."

அவர்களில் எத்தனை பேரை அவளே அந்த முகவரித் தாளைக் கொடுத்து அனுப்பியிருப்பாள்! ஒரு குழந்தையையும் வெளியே விட்டதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். முகங்கள் ஒன்றிரண்டு ஞாபகம் வந்தன. செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்த ஒரு பெண்குழந்தை. தாத்தா தூக்கிவந்த இரட்டையர். அவர்களுக்கெல்லாம் இப்போது மூன்று வயது தாண்டியிருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தப் புள்ளையோட பதிவை மட்டும் திருத்தித் தரட்டுங்களா?"

"மட்டும்னு முடியாதுங்க. ஒரு பணியாளர் எழுதினதுல ஒண்ணு பொய்ன்னு எழுத்துல வந்துட்டா, அவங்க எழுதின அத்தனையும் செல்லாது. சரியானதை எழுதித் தர முடியுமா, அறுநூறுக்கும்?"

"ஞாபகத்துல இருந்தா? பாதி பேரு மொகமே மறந்து போச்சு."

"அப்ப அறுநூறும் எடுத்துற வேண்டியதுதான்." அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். "யோசிச்சுக்கங்க மேடம். சஸ்பெண்ட் பண்ணுவாங்க. ஓய்வுக்கு ஒரு வருசம்தான் இருக்குது. நீங்க சொல்லலைன்னா இது யாருக்கும் தெரியப் போறதில்ல. நானும் கேக்காத மாதிரி இருந்துக்கறேன்."

அவன் கெட்டவன் இல்லை. அவள் எந்த மனசோடு 'மாற்றம் இல்லை' என்று எழுதினாளோ அதே மனசோடுதான் அவன் இதைச் சொன்னான். அது கோகிலவாணிக்குப் புரிந்தது, புரிந்ததுதான் பயமாகவும் இருந்தது.

"அறுநூறையும் எடுத்துட்டா பாய் என்ன சொல்லும்?"

"மிச்சம் இருக்கறது பத்தாதுங்க. இவ்வளவுக்குக் கொறைஞ்சா கணிக்கக் கூடாதுன்னு ஒரு வரம்பு வெச்சிருக்கறாங்க. ஒண்ணும் சொல்லாது. தெரியாதுன்னு சொல்லும்."

"தெரியாதுன்னு சொன்னா அந்தக் கொழந்தையை என்ன பண்றது?"

இதுவரை பாய் தெரியாது என்று சொன்னதே இல்லை, ஆகவே தீபன்ராஜுக்கும் அந்தக் கேள்வி வந்ததில்லை. அரசாணையை எடுத்து விரலால் தேடிக்கொண்டே போனான். பதினான்காவது பத்தியில் விரல் நின்றது. பாய் புதிதாக வந்தபோது, முதல் சில மாதங்களுக்காக, யாரோ ஒரு குமாஸ்தா முன்ஜாக்கிரதையாகச் சேர்த்து, பிறகு எடுக்க மறந்த வரி.

'கணிக்க இயலாத நேர்வுகளில் குழந்தையைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.'

அவன் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தான். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

*

வெள்ளிக்கிழமை பவதாரணி வந்தபோது கோகிலவாணி ஒன்றையும் மறைக்கவில்லை. சஞ்சீவனிலிருந்து ஆரம்பித்து, மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த கடிதம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். பவதாரணி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

"அப்ப நான் பேசினதை நீங்க கேட்டீங்க," என்றாள் கடைசியில்.

"மொத ஆளாக் கேட்டது நாந்தான் கண்ணு. ஊதுன்னு சொன்ன."

"கேட்டுட்டு, பேசலைன்னு எழுதினீங்க."

"ஆமா."

"எனக்கு நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கீங்க. அது தெரியுது. நீங்க அப்படி எழுதலைன்னா நான் இன்னிக்கு இப்படிப் பேசுவனோ மாட்டனோ." கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கோபம் இருந்தது. "ஆனா எம் பையன் என்னங்க பண்ணினான்? நான் தேறாதவன்னு நீங்க எழுதி வெச்சதை அவன் தலையில கட்டியிருக்குது. இந்த ரெண்டு நாளா நான் அவனைப் பாக்கறப்பெல்லாம், வராது, வராதுன்னே காதுல கேக்குது. அவன் கோன் அடுக்கறதைப் பாக்கவே புடிக்கலீங்க. பெத்தவளுக்கு அப்படித் தோணலாமுங்களா?"

கோகிலவாணி மன்னிப்புக் கேட்டாள். பவதாரணி மன்னித்ததாகச் சொல்லவில்லை. பையனைத் தூக்கிப் பாயில் உட்கார வைத்தாள், அவ்வளவுதான்.

இருபது நிமிடம் கோன்கள் ஏறி இறங்கின. திரை பச்சையாகி வெளுத்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தது.

'கணிக்க இயலவில்லை.'

அந்தப் பாய் சொன்ன வார்த்தைகளிலேயே கோகிலவாணிக்குப் பிடித்த வார்த்தை அதுதான். நித்திலனைச் சேர்த்ததற்கான கையெழுத்தைப் போட்டாள். அதுதான் அவள் அந்த மையத்தில் போட்ட கடைசிக் கையெழுத்து. மதியம் மின்னஞ்சலில் சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. மேசை இழுப்பறையில் இருந்த சோப்பு முட்டைக் குழலையும் குப்பியையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

வேலை போன பிறகு அவள் வீட்டில் உட்காரவில்லை. தீபன்ராஜ் விதியை மீறிப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தந்திருந்தான். முன்னூற்றுப் பன்னிரண்டு பெயர். வயது தாண்டிவிட்ட அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். சில வீடுகளில் உள்ளே விட்டார்கள், சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு அப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். நின்று கேட்டுக்கொண்டாள். உள்ளே விட்ட வீடுகளில் தரையில் உட்கார்ந்து குப்பியைத் திறந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒருத்தி எப்படிப் போதும்? பதினேழு பேருக்குத்தான் முடிந்தது.

ஆறு மாதம் கழித்து பவதாரணி கூப்பிட்டாள். நித்திலனுக்கு முதல் மறுபரிசோதனை. "நீங்களும் கூட வாங்க்கா. எனக்குப் பயமா இருக்குது," என்றாள். அவ்வளவு நாள் கழித்து அவள் அக்கா என்று கூப்பிட்டது கோகிலவாணிக்கு என்னவோ போல் இருந்தது.

மையத்தின் வாசல் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பவதாரணி பையனின் காதோரம் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி கவனிக்காத மாதிரி இருந்தாலும் காதில் விழுந்தது.

"உள்ள போனா கம்முனு இருக்கணும் சாமி. அந்த அக்கா என்ன காட்டினாலும் வாயைத் தொறக்கக் கூடாது. சரியா? வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

நிமிர்ந்தவள் கோகிலவாணியின் பார்வையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்டுல ஒண்ணு ரெண்டு சத்தம் போடறானுங்க்கா. இங்க போட்டுட்டா அனுப்பிருவாங்களே. பாய்தான் ஒண்ணும் சொல்றதில்லையே, இந்த அக்கா எழுதறதுதான் இப்பக் கணக்காம். மூணுல ஒரு பங்கு விதி அப்படியேதான் இருக்குதாம்."

விதியை மாற்றச் சொல்லியும் கோகிலவாணி தன் கடிதத்தில் எழுதியிருந்தாள். கடிதம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருந்தது. அவள் பவதாரணியைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை?

உள்ளே புதுப் பணியாளர் சம்யுக்தா. இருபத்தைந்து வயது, வேலைக்கு வந்து ஐந்து மாதம், இன்னும் தரையில் சுலபமாக உட்கார்ந்து எழுகிற முழங்கால். நித்திலன் கோன்களை அடுக்க ஆரம்பித்தான். சம்யுக்தா குப்பியைத் திறந்து, குழலை வாயில் வைத்து ஊதினாள். முட்டைகள் அறை முழுக்கப் பறந்தன. அவன் கோன்களை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தான். ஒன்று அவன் மூக்கின்மேல் வந்து உடைந்தது.

சம்யுக்தா நிறுத்தினாள். குழலை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

நித்திலன் அம்மாவைப் பார்த்தான். பவதாரணி உதட்டை அழுத்தி மூடியிருந்தாள். குழலைப் பார்த்தான். மறுபடியும் அம்மாவைப் பார்த்தான். அவனுக்குச் சொல்லப்பட்டது அவனுக்குப் புரிந்திருந்தது, அதுவே ஆறு மாதத்துக்கு முன்னால் நடக்காத காரியம். பிறகு பொறுக்க முடியாமல் உதட்டைக் குவித்தான்.

"ஊது."

பவதாரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

சம்யுக்தா தலையைத் தூக்கவில்லை. மடியில் இருந்த தொடுதிரைப் பலகையில் பணியாளர் குறிப்பு எழுதும் இடத்துக்கு மேலே அவள் விரல் நின்றது. "கோகிலாக்கா," என்றாள், சின்னக் குரலில். "எனக்குச் சரியாக் கேக்கலைன்னு வெச்சுக்கறேனுங்க. மாற்றம் இல்லைன்னு போட்டுறட்டுங்களா? இன்னொரு ஆறு மாசம் கெடைக்கும். இப்பத்தான ஆரம்பிச்சிருக்கறான், பாவம்."

கோகிலவாணி அவளைப் பார்த்தாள். நல்ல பெண். இந்த மையத்துக்கு இவளைப் போன்ற பெண்தான் வேண்டும். போடு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லாமல் பவதாரணியின் பக்கம் திரும்பினாள். இதைச் சொல்ல வேண்டியவள் அவள்.

பவதாரணி முகத்திலிருந்து கையை எடுத்தாள். அவள் பையனைப் பார்க்கவில்லை, அந்தப் பலகையைத்தான் பார்த்தாள். எவ்வளவோ பேசுகிறவளுக்கு வார்த்தை வர நேரம் எடுத்தது.

"வேண்டாங்க," என்றாள். "அவன் பேசினான். பேசினான்னு எழுதுங்க."

"அனுப்பிருவாங்களே அக்கா."

"அனுப்பட்டும். நாளைக்கு இவன் ஒரு கொழந்தையைத் தூக்கிட்டு இங்க வந்து நிக்கறப்ப, இவனைப் பத்தி என்ன எழுதியிருக்கும்?" விரலால் பலகையைக் காட்டினாள். "எழுதுங்க. ஊதுன்னு சொன்னான்னு எழுதுங்க."

"வாரத்துல மூணு நாள் நான் வீட்டுக்கு வர்றேன்," என்றாள் கோகிலவாணி. "பதினேழோட பதினெட்டு. எனக்கென்ன வேலை?"

சம்யுக்தா எழுதத் தொடங்கினாள். பெரியவர்கள் மூன்று பேரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஊத வேண்டிய குழல் பாயின் ஓரத்தில் அப்படியே கிடந்தது. நித்திலன் அதைப் பார்த்தான், இவர்களைப் பார்த்தான், ஒருவரும் அசைகிற மாதிரி தெரியவில்லை.

"ஊது!" என்றான், இந்தத் தடவை கோபமாக.

"அதையும் சேத்து எழுதிக்க," என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, கோகிலவாணி குழலைக் கையில் எடுத்தாள்.